முழுப் பொறுப்பும் உன்னுடையது

"இலை விஷயம் முழுக்க உன் பொறுப்புடா. நான் தலையிடவே மாட்டேன்" என்று பெரியப்பா ஆரம்பிக்கும்போதே கூடத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவார்கள். அனுபவஸ்தர்கள். அகப்பட்டுக்கொண்டவன் அன்றிரவே போனுக்கு முழுசாக சார்ஜ் போட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் வீட்டில் இவர் மாமாவாக இருக்கலாம். அலுவலகத்தில் மேனேஜராக, குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராக இருக்கலாம். வேலையை வாரி வழங்குவதில் வள்ளல். வழங்கியதைக் கையிலிருந்து விடமாட்டார், அவ்வளவுதான்.

எங்கள் பெரியப்பா எம்.ஏ. பொருளாதாரம், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே மற்றவர்களை வேலை வாங்குவதற்கு அவரிடம் சித்தாந்தமே உண்டு. 1817-இல் பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ எழுதிய கணக்கை மனப்பாடமாகச் சொல்வார். ஓராண்டுக்கான துணியை நெய்ய இங்கிலாந்துக்கு 100 ஆள் வேண்டும், போர்ச்சுகலுக்கு 90 போதும். ஒயினுக்கு இங்கிலாந்தில் 120 ஆள், போர்ச்சுகலில் 80. இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. இருந்தும் துணியை இங்கிலாந்திடம் விட்டுவிட்டு ஒயினை மட்டும் கவனித்தால் இருவருக்குமே லாபம். "அதனாலதான் சொல்றேன். உன்னைவிட நான் நல்லாவே இலை வாங்குவேன். ஆனா என் நேரத்தை வேற வேலைக்கு வெச்சுக்கணும் பாரு." இந்த உறவில் போர்ச்சுகல் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

போன கல்யாணத்தில் இலைக்கு அகப்பட்டுக்கொண்டவன் நான். விடிவதற்குள் கோயம்பேடு சந்தைக்குப் போய்விட்டேன். வண்டியை நிறுத்துவதற்குள் போன். "போயிட்டியா?" போய்விட்டேன். "எந்த கேட்?" சொன்னேன். "அந்தப் பக்கம் ஏன் போனே?" போன் வைக்கப்பட்டது. இலைக் கட்டைத் தொட்டேன், மறுபடியும் போன். நுனி இலையா, ஏடா? நுனி இலைதான் பெரியப்பா. கிழிசல் இருக்கா? இல்லை. "பிரிச்சுப் பார்த்தியா?" பார்க்கிறேன். "பார்க்காமலே இல்லைன்னு சொன்னியா?" பந்தியில் இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் வரவேண்டும் என்பதையும் அப்போதே விளக்கினார். நான் வாங்கத்தான் போயிருந்தேன், பரிமாற அல்ல.

கூடவே, கொத்தவால் சாவடியில் இலை வாங்கிய காலத்து நுணுக்கங்கள் வேறு. அந்தச் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியது 1996-இல். பெரியப்பாவின் யோசனைகள் இன்னும் மாற்றலாகி வரவில்லை.

பிறகு வீடியோ கால். இலையைக் காட்டினேன். வெளிச்சம் போதவில்லை என்றார். டியூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்தேன். பின்புறத்தைக் காட்டச் சொன்னார். பெண் பார்க்கும் படலத்தில்கூட இத்தனை கோணம் கேட்கமாட்டார்கள். கடைசியில், "இலைக்காரர்கிட்ட போனைக் கொடு, நான் பேசிக்கிறேன்" என்றார். இலைக்காரரோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டி, இலை ஆறு ரூபாய் என்று நான் அப்போதுதான் முடித்திருந்தேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஸ்பீக்கரில் கம்பீரமாக, "எட்டு ரூபான்னா கொடுங்க, இல்லேன்னா வேற கடை பார்க்கச் சொல்றேன்" என்றார். "உங்களுக்காகத் தரேன் சார்" என்றார் இலைக்காரர், கண் இமைக்காமல். 500 இலை. மேற்பார்வைச் செலவு 1,000 ரூபாய்.

ரிக்கார்டோவின் கணக்கில் தப்பு ஒன்றுமில்லை. துணி நெய்கிற இங்கிலாந்துக்குப் போர்ச்சுகல் விடியற்காலையில் போன் போட்டு, "நூல் வாங்கியாச்சா, தறியைக் காட்டு" என்று கேட்கவில்லை என்பதுதான் விஷயம். கேட்டிருந்தால் அந்த 80 பேரும் போனில் உட்கார்ந்திருப்பார்கள். ஒயினும் வந்திருக்காது, துணியும் வந்திருக்காது. எனக்கும் ஒரு காலை, இலைக்காரருக்கும் பாதிக் காலை, வேறு வேலைக்கென்று பத்திரப்படுத்திய பெரியப்பாவின் காலையும் முழுசாக இதிலேயே போயிற்று.

  

இலையோடு வீடு திரும்பியதும், "என்னடா இவ்வளவு நேரம்? நானே போயிருந்தா ஆறு மணிக்கெல்லாம் வந்திருப்பேன்" என்றார். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இதில் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. இவனுக்கு இலை வாங்கத் தெரியாது என்று நினைத்தால் அனுப்பியிருக்கக் கூடாது; தெரியும் என்று நினைத்தால் கூப்பிட்டிருக்கக் கூடாது. அவருடைய மகள் தொழிற்சாலையில் ஒரு ஷிப்டையே தனியாக நடத்துகிறாள். அவளிடம் பந்திப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, வரிசைக்கு வரிசை வந்து, "உப்பு வெச்சியாம்மா?" என்று கேட்டார், சம்பந்தி வீட்டார் முன்னால். அவள் பதில் பேசவில்லை. கரண்டியைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். பொறுப்பு மட்டும் நம்முடையது. தீர்மானம், பணம், பாராட்டு மூன்றும் அவருடையவை. இலை நன்றாக இருந்தால், "நான் போன்ல சொல்லிச் சொல்லி வாங்க வெச்சது." கிழிந்திருந்தால், "அவனை நம்பி அனுப்பினேன்."

அடுத்த மாதம் இன்னொரு கல்யாணம். இலைக்கு ஆள் இல்லை, பூவுக்கு ஆள் இல்லை, ஆளாளுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லையாம். "எல்லாத்தையும் நான் ஒருத்தனே பார்க்க வேண்டியிருக்கு" என்று பெரியப்பா சொல்லிக்கொண்டு திரிகிறார். முப்பது வருஷமாகச் சொல்லி வருவதுதான். இந்தத் தடவைதான் உண்மை.