அரியமங்கலத்து டிரம்ப் கார்டு மரபு: அச்செண் கொள்கையும் கலைப்பியலும் குறித்த ஒரு முன்னாய்வு

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சாலையில் கிழக்கே போகிறவர்கள் அரியமங்கலத்தை இரண்டு காரணங்களுக்காக அறிவார்கள். ஒன்று எஸ்.ஐ.டி. பாலிடெக்னிக். மற்றொன்று மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு. இதை அறியக் கண்கூடத் தேவையில்லை. தொண்ணூறுகளில் இவ்வூர்த் திண்ணைகளிலும் மொட்டை மாடிகளிலும் தழைத்த டிரம்ப் கார்டு மரபுக்கு மட்டும் கல்வெட்டுச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இம்முயற்சி. நமது கருதுகோள் ஒன்றே ஒன்று: அச்சில் ஏறிய எண்ணுக்கு மேல் அப்பீல் கிடையாது என்பதை நம் பிள்ளைகள் முதன்முதலில் கற்றுக்கொண்டது டிரம்ப் கார்டில்தான்.

ஆட்டத்தின் பூர்விகம் ஜெர்மனியின் குவார்டெட். அது 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் டாப் டிரம்ப்ஸ் என்ற பெயரில் காரும் விமானமுமாகக் கடைக்கு வந்தது. நம் ஊருக்கு வந்துசேரும் நேரத்தில் கேபிள் டிவி முந்திக்கொண்டுவிட்டதால் காரை இறக்கிவிட்டு மல்லர்கள் ஏறிக்கொண்டார்கள். டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அந்த மல்யுத்தக் காட்சியின் கார்டு உடற்கூறு எல்லோருக்கும் தெரிந்ததே: மேலே ஜட்டியணிந்த ஆள், கீழே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, புஜம், மோதியது, ஜெயித்தது. கட்டைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு, சா பூ த்ரீ போட்டு முதல் கேள்வி யாருடையது என்று தீர்மானிக்க வேண்டும். மேல் கார்டைப் பார்த்து ‘வெயிட்’ என்று ஒருவன் கேட்பான். எவனிடம் பெரிய எண்ணோ அவனுக்கு இரண்டு கார்டும்.

ரேங்க் மட்டும் விதிவிலக்கு. அங்கே சிறிய எண்தான் பெரியது. வகுப்பில் முதல் ரேங்க் என்பதன் பொருள் தெரிந்த பிள்ளைக்கு இதில் குழப்பமில்லை. ஆனால் தோற்கப்போகிற பிள்ளைக்குக் குழப்பம் உடனே பிறந்துவிடும். “இருபத்தெட்டு பெருசா, மூணு பெருசா? நீயே சொல்லுடா!” என்ற வினா எத்தனை நட்புகளை டூ விட வைத்தது என்பது தனி ஆய்வுக்குரியது. ‘ரேங்க் கேக்கக் கூடாது’ என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளும் கட்சி பிற்காலத்தில் தோன்றியது. இவர்களை மிதவாதிகள் எனலாம்.

இனி அச்செண். அரியமங்கலத்துக்கு ஒரு பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனை. 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. கிழக்கே போனால் திருவெறும்பூரில் பாய்லர் செய்யும் பெல். இரண்டுக்கும் நடுவே லேத் பட்டறைகள். அதாவது, வெர்னியர் காலிப்பர் இல்லாமல் எதையும் நம்பாத அப்பாக்கள் நிறைந்த ஊர். ஒரு நூல் கூடினால் ‘ஜாப் ரிஜெக்ட்’ என்று தூக்கிப் போடுகிறவர்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளோ ஜெயன்ட் கொன்சாலஸின் உயரம் எட்டு அடி என்பதைக் கேள்வி கேட்காமல் ஏற்றார்கள். அர்ஜென்டினாக்காரரான அவர் முதலில் கூடைப்பந்து ஆடியவர். 1988-இல் அமெரிக்காவின் அட்லாண்டா ஹாக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. உண்மையான உயரம் ஏழரை அடியை ஒட்டியது. அதுவும் குறைச்சலில்லைதான், ஆனால் எட்டு என்று அச்சாகிவிட்ட பிறகு யார் நாடா பிடிப்பது? இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. 1993-இல் ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கரோடு மோதியபோது அவர் அணிந்திருந்தது தசைகள் தீட்டப்பட்ட முழு உடல் உடுப்பு. ஆக, அவருடைய புஜத்துக்கு எண் கொடுத்தவர் பெயின்டை அளந்தார் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

யோகோசுனா இன்னொரு சான்று. ஜப்பானிய சுமோ வீரர் என்று அறிவிக்கப்பட்டவர், சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமோவா வம்சாவளிக்காரர். எடை மட்டும் பொய்யில்லை: 500 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ மூன்று அரிசி மூட்டை. பவுண்டு என்றால் எத்தனை கிலோ என்று எந்தச் சிறுவனும் கேட்டதாகச் சான்றில்லை. வெல்வதற்கு அலகு தேவைப்படவில்லை.

அடுத்து கலைப்பியல். சீட்டுக்கட்டை இரண்டாக வெட்டி விரலால் கொறித்துக் கலைப்பதானால், 52 சீட்டு ஓரளவு முறையாகக் கலைய ஏழு முறை வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அவர்கள் அரியமங்கலம் வந்திருந்தால் ஆய்வு வேறு திசையில் போயிருக்கும். பத்து வயதுக் கைக்குக் கொறிக்க வராது. இங்கே வழங்கியது தரைக் கலைப்பு: எல்லாவற்றையும் குப்புறக் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் அளைந்து, மறுபடி அடுக்குவது. கணித நோக்கில் குற்றம் சொல்ல முடியாத முறை. ஆனால் தரை சிமென்டாக இருந்தால் பத்து நாளில் கார்டின் ஓரம் பிசிறும். காது மடங்கியது கொன்சாலஸ், எண்ணெய்க் கறை பட்டது ஹல்க் ஹோகன் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதன்பின் எத்தனை முறை கலைத்தால்தான் என்ன? அழுகுணி ஆட்டம் என்று பிறர் தூற்றியதை நாம் தடயவியல் என்கிறோம்.

வாங்குதலைப் பற்றிச் சுருக்கமாக. முழுக்கட்டாக வாங்கியவனுக்குக் கவலையில்லை. பாக்கெட்டுக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் சிப்ஸ் வகையில்தான் விபரீதம். 30 வகை உள்ள தொகுப்பை, எல்லாம் சம வாய்ப்பில் வருவதாக வைத்துக்கொண்டாலும், முழுமையாக்கச் சராசரியாக 120 பாக்கெட் வாங்க வேண்டும். அதில் கடைசி ஒன்றுக்கு மட்டுமே 30. இந்தக் கணக்கு தெரியாமலே பிள்ளைகள் ‘ரெண்டு குடுத்தா ஒண்ணு’ என்ற பண்டமாற்றைக் கண்டுபிடித்தது பொருளியலுக்கு அவர்கள் அளித்த கொடை.

சட்டப் பிரச்சினை ஒன்று எஞ்சுகிறது. “படிக்கிற நேரத்துல என்னடா சீட்டாட்டம்?” என்பது வீட்டு நீதிமன்றத்தின் நிரந்தரத் தீர்ப்பு. ஆனால் 1967-இல் உச்ச நீதிமன்றம், விழும் சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டமே என்று சொல்லியிருக்கிறது. டிரம்ப் கார்டிலும் எதிராளி கட்டின் அடியில் யார் கிடக்கிறார் என்பதை நினைவில் வைத்தவனே வெல்வான். இந்தத் தீர்ப்பை அம்மாக்களிடம் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர் எவரும் அக்காலத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கவில்லை.

2002-இல் உலக வனவிலங்கு நிதியத்துடனான வழக்கில் தோற்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். தன் பெயரை டபிள்யூ.டபிள்யூ.இ. என்று மாற்றிக்கொண்டது. பாண்டா கரடி அண்டர்டேக்கரை வீழ்த்திய ஒரே சந்தர்ப்பம் இது. பழைய கட்டும் புதிய கட்டும் ஒரே திண்ணையில் கலந்தபோது அச்செண் கொள்கை பெரும் சோதனைக்கு உள்ளானது: ஒரே ஆள், இரண்டு கார்டு, இரண்டு எடை. இரண்டுமே அச்சு. வழக்கு முற்றி, பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவரிடம் போயிற்று. அவர் இரண்டு கார்டையும் வாங்கித் தள்ளிப்பிடித்துப் பார்த்தார். “இத யாருடா அளந்தது? எதுல அளந்தான்?” என்று கேட்டார். கேள்வி ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒருமனதாக முடிவாகி, கார்டுகள் அவரிடமிருந்து திரும்பப் பெறப்பட்டன. அதன்பிறகு அவரை எந்தப் பஞ்சாயத்துக்கும் கூப்பிடவில்லை.