மண்டையில் அடிபட்டவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

முதலில் ஆள் வேண்டும். காரமடையில் அதற்குப் பஞ்சமில்லை. கருவேப்பிலைக் கட்டுகளை மொபெட்டின் பின்னால் ஆளுயரத்துக்கு ஏற்றி, ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் போகிறவர்களில் ஒருவர் என்றைக்காவது சாய்வார். கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்து, "ரத்தக்கசிவு இல்லைங்க, மூளை லேசா அதிர்ந்திருக்கு, வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கட்டும்" என்று டாக்டர் அனுப்பியதும் உங்கள் பணி தொடங்குகிறது.

தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பொறுப்பேற்கிறது. அடிபட்ட மூளைக்கு ஓய்வு தேவைப்படுவதும் ஏறக்குறைய அதே ஒன்றிரண்டு நாள்தான். அதற்குள் காரியத்தை முடித்தாக வேண்டும்.

முதல் ராத்திரியை அமுச்சியிடம், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியிடம், ஒப்படையுங்கள். "தூங்குனா கோமாவுக்குப் போயிருவாங்க" என்பது அவர் கட்சி. அரை மணிக்கொரு தடவை முகத்தில் டார்ச் அடித்து, "கண்ணு, நா ஆருன்னு தெரியுதா?" என்று கேட்பார். முதல் தடவை "அமுச்சி" என்று பதில் வரும். நாலாம் தடவை "எமன்" என்று வரும். மூளை கலங்கிவிட்டது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி?

டாக்டர் தந்த சீட்டைப் பில்லோடு மடித்து பீரோவில் பூட்டிவிடலாம். அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்வு, எழுப்பினாலும் எழாத மயக்கம் - இதில் ஒன்று வந்தாலும் உடனே 108. (இதில் மட்டும் விளையாட்டில்லை. பீரோ சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.)

விடிந்ததும் சொந்தபந்தங்கள் வருவார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, இதேபோல் விழுந்து மூணாம் நாள் போய்ச்சேர்ந்த யாரோ ஒருவரின் கதையும் கட்டாயம். மாசி மாதமானால் உங்களுக்குச் சிரமமே இல்லை. அரங்கநாதர் தேருக்குக் கட்டிய ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளும்.

பொழுது போகச் செல்போனைக் கையில் கொடுங்கள். 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் 48 மணி நேரம் திரையைத் தொடாத இளவட்டங்களில் பாதிப்பேர் மூன்றரை நாளில் தேறினார்கள். பார்க்க அனுமதிக்கப்பட்டவர்களுக்கு அதே நிலைக்கு வர எட்டு நாள் ஆனது. எட்டு நாள் விருந்தாளிகளை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இத்தனையும் மீறித் தேறி, தோட்டத்துப் பக்கம் மெல்ல நடக்க எழுந்தால் உடனே கட்சி மாறுங்கள். ஜன்னலைச் சாத்தி, ஒரு மாசம் அசையக்கூடாது என்று உத்தரவு போடுங்கள். ஐந்து நாள் கட்டாயமாகப் படுக்கவைக்கப்பட்டவர்கள், ஓரிரு நாள் ஓய்ந்து எழுந்தவர்களைவிட அதிக உபாதை சொன்னதாக 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. தலைவலி கூடாத அளவுக்கு நடமாடுவது நல்லதென்றே மருத்துவர்களும் சொல்கிறார்கள். அவர்களுக்கென்ன, அமுச்சியிடம் பேச்சு வாங்குவது அவர்களா?

கடைசியாக மாமா. "ஜடேஜாவுக்கு மண்டையில பந்து பட்டுதே, படுத்தா கெடந்தான்?" என்பார். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஸ்டார்க் பந்து ஹெல்மெட்டில் பட்டதும் ஜடேஜா அந்த ஆட்டத்தில் பந்துவீச வரவே இல்லை. பதிலாக வந்த சஹல் மூன்று விக்கெட் எடுத்தார். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனும் அன்றுதான் இந்தியாவுக்கு முதல் டி20 ஆடி மூன்று எடுத்தார். முதல் அடி ஆறுமுன் இன்னொன்று பட்டால் ஆபத்து என்றுதான் இப்படி ஆள் மாற்ற 2019-லேயே விதி கொண்டுவந்திருந்தார்கள்.

அப்படியானால் கருவேப்பிலைக் கட்டை மண்டிக்குக் கொண்டுபோகப் பதிலாள் யார் என்று மாமாவிடம் கேட்டுவிடாதீர்கள். அவருக்கு நேற்றிலிருந்து முட்டி வலி.