கூழைக்கடாவுக்குக் காலண்டர் கிடையாது

ஆப்பிரிக்கா சஃபாரி என் இருபது வருட ஆசை. இப்போது பையன் டிக்கெட் போடுகிறேன் என்கிறான். எந்த மாதம் போகலாம்? (செங்கல்பட்டு வாசகர்)

அவன் மனசு மாறாத மாதமாகப் பார்த்துப் போங்கள்.

அதற்கும் மேலே என்றால், என்ன பார்க்க ஆசை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் மாரா ஆற்றில் குதிப்பதும் முதலை வாய் பிளந்து காத்திருப்பதும்தான் கனவு என்றால் ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கென்யாவின் மசாய் மாரா. அதே மந்தை குட்டி போடுவதைப் பார்க்க ஜனவரிக் கடைசி, பிப்ரவரியில் தான்சானியாவில் தெற்கு செரங்கெட்டி. குட்டி இருக்கும் இடத்துக்குச் சிங்கமும் சிறுத்தையும் தானாக வரும். மார்ச் கடைசி முதல் மே வரை பெருமழை. ரூம் மலிவாகக் கிடைக்கும், ஜீப் சேற்றில் கிடக்கும்.

பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல காலம் என்பார்கள். காரணம் எளிது. மழை இல்லை, புல் காய்ந்து தாழ்ந்துவிடும், குட்டைகள் வற்றி நாலைந்துதான் மிஞ்சும். கோடையில் தண்ணி லாரி வந்து நிற்கும் தெருவைப் பார்த்திருப்பீர்களே, அதே கூட்டம்தான். குடத்துக்குப் பதில் கொம்பு. இன்னொன்றையும் பையனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: மசாய் மாராவில் வெளிநாட்டவருக்கு நாள் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலையிலிருந்து 200.

மழையே இல்லாத மாதத்தில் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவில் வெள்ளம் வருமாமே, எப்படி? (கேளம்பாக்கத்தில் குடியேறிய தஞ்சாவூர்க்காரர்)

நீங்கள் இதைக் கேட்கலாமா? குடகில் மழை பெய்து தஞ்சாவூரில் ஆடிப்பெருக்கு கொண்டாடியவர் ஆயிற்றே! அங்கோலா மலையில் பெய்த மழை சமவெளியில் மாதக்கணக்காக ஊர்ந்து வந்து, உள்ளூரில் வறட்சி உச்சத்தில் இருக்கும் ஜூன், ஜூலையில் ஒகவாங்கோவை நிரப்புகிறது. சித்ரான்னம் மட்டும்தான் குறை.

அப்படியானால் வேடந்தாங்கலுக்கும் ஜூன் முதல் அக்டோபர்தானா? (மதுராந்தகம் வாசகி)

அந்தத் தப்பை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன். மச்சினர் குடும்பம் வெளியூரிலிருந்து வந்திருந்தது. ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, “உலகப் புகழ் பெற்ற சரணாலயம்” என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டு கூட்டிப்போனேன். ஏரியில் வெடித்த களிமண், ஓரமாக நாலு எருமை, ஒரு எருமை முதுகில் ஒரு கரிச்சான். மச்சினர் இன்றுவரை அந்த ஊரை எருமைத்தாங்கல் என்றுதான் சொல்கிறார்.

கணக்கு இங்கே தலைகீழ். அங்கே வறட்சி மிருகத்தைக் கூட்டுகிறது, இங்கே மழை பறவையைக் கூட்டுகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்ப வேண்டும், நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். அப்போதுதான் பறவைகள் கூடு கட்டும். மரத்தடியில் தண்ணீர் இருந்தால் பூனையும் நரியும் அண்டாது. சுற்றியுள்ள வயலிலும் ஏரியிலும் மீனும் நத்தையும் நிறைந்திருந்தால்தான் குஞ்சுக்குத் தீனி. நவம்பரில் வரத்து சூடு பிடிக்கும். டிசம்பர், ஜனவரியில் கூடு, முட்டை. பிப்ரவரியில் குஞ்சுகளின் கத்தல் கரைக்குக் கேட்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும்.

ஆனால் இந்த மாதங்களைச் சுவரில் எழுதி வைக்காதீர்கள். மழை பொய்த்த வருஷம் டிசம்பரிலும் எருமைதான். கிளம்புமுன் அந்தப் பக்கத்து ஆள் யாரிடமாவது “ஏரியில் தண்ணி எவ்வளவு?” என்று மட்டும் கேளுங்கள். பறவை எத்தனை என்று கேட்கவே வேண்டாம்.

தண்ணீர் இருக்கும் வருஷத்தில் மாலை நாலரைக்குக் கரையில் நின்று பாருங்கள். கூழைக்கடா ஒன்று விமானம் மாதிரி வட்டமடித்து, காலை முன்னே நீட்டி, மரத்தின் உச்சிக் கிளையில் இறங்கும். கிளை அதன் எடைக்கு ஒரு முழம் தாழும். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நீர்க்காகம் இரண்டு அடி தள்ளிப் போய் உட்காரும், ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளுக்கு இடம் விடுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, வக்கா எல்லாருக்கும் அதே மரம்தான்.

வேடந்தாங்கலைக் காப்பாற்றியது வெள்ளைக்காரன்தானாமே? (அச்சிறுபாக்கம் வாசகர்)

காகிதம் கொடுத்தது வெள்ளைக்காரன். காப்பாற்றியது ஊர். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள், ஊரார் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் கௌல் என்ற உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்பது பதிவு. 1858-ல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். பறவை மேல் வெறும் பாசமில்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், காசு செலவில்லாத யூரியா. லாபம் தெரிந்த பாசம் இருநூறு வருஷத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது. இன்னும் தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் ஏறின.

குடும்பத்தோடு போக எந்த நாள் நல்லது? (கூடுவாஞ்சேரி வாசகர்)

காணும் பொங்கலைத் தவிர எந்த நாளும். அன்றைக்குப் பறவைகள்தான் உங்களைக் காணும்.

கடலாமை பார்க்க ஆசை. எப்போது, எங்கே? (கோவளம் வாசகி)

பேரிலேயே பருவம் வைத்திருக்கிறோமே, பங்குனி ஆமை! ஆமை நம்மைவிடச் சுறுசுறுப்பு, தை பிறக்கும்போதே கரையேறத் தொடங்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் வந்து, பின்னங்காலால் குழி பறித்து, நூறு சொச்சம் முட்டையிட்டு, மண்ணை மூடி, வயிற்றால் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுப் போகும். ஏழெட்டு வாரத்தில் குஞ்சு. அவை வெளிச்சம் இருக்கும் பக்கம் ஓடும். கடல்தான் இரவில் வெளிச்சம் என்று அவற்றுக்கு யுகயுகமாகப் பழக்கம். ஈ.சி.ஆர். விடுதிகளின் விளக்குகள் அதற்குப் பிறகு வந்தவை.

தனியாக டார்ச் அடித்துக்கொண்டு அலைய வேண்டாம். 1988 முதல் சென்னைக் கரையில் ஆமை நடை போகும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினருடன் வார இறுதி இரவில் நடக்கலாம். செத்து ஒதுங்கிய ஆமையையும் பார்க்க நேரலாம், மனதைத் திடப்படுத்திக்கொண்டு போங்கள். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமைக்கு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டினால் வர முடியாது.

எங்கள் ஊர்க் கழுகுகள் இனி எந்த சீசனில் வரும்? (திருக்கழுக்குன்றம் வாசகர்)

சிரித்துக்கொண்டே வந்தேன், நிறுத்திவிட்டீர்கள். காசியில் குளித்து, ராமேஸ்வரம் போகும் வழியில் உங்கள் மலையில் சாப்பிடுகின்றன என்று நம்பினோம். மதியம் சர்க்கரைப் பொங்கலோடு குருக்கள் காத்திருப்பார். சீசன் பார்க்காமல் தினமும் வந்த இரண்டு விருந்தாளிகள். 1990-களின் கடைசியில் வரத்து நின்றது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் நாடு முழுக்கப் பாறுக் கழுகுகள் சரிந்துகொண்டிருந்த காலம் அது. 2006-ல் அந்த மருந்தை மாட்டுக்குத் தடை செய்தார்கள்.

சஃபாரிக்கு சஃபாரி சூட் அவசியமா? (தாம்பரம் வாசகர்)

கல்யாணத்துக்கு உங்கள் பெரியப்பா போட்டுக்கொண்டு வந்த அதே சூட்டா? அதற்கு விடுதலை கொடுங்கள். மங்கிய காக்கி போதும். நீலமும் கறுப்பும் கூடாது, செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். துணியைவிட முக்கியம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் ஆறு நாள் வரை தனிமை முகாம். அங்கே சிங்கமும் இருக்காது, வீட்டுச் சாப்பாடும் இருக்காது.

ஆப்பிரிக்கச் சீட்டாதான் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கே வந்துவிட்டதே, எதற்கு அவ்வளவு தூரம்? (மறைமலைநகர் வாசகர்)

2022-ல் நமீபியாவிலிருந்து எட்டு, அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு. சீட்டாவுக்கும் சீசன் குழம்பியது என்பதுதான் சுவாரசியம். அந்த ஊரில் ஜூன், ஜூலை குளிர்காலம். உடம்பு பழைய கணக்கில் கம்பளி போர்த்திக்கொண்டது, வெளியே மத்தியப் பிரதேச மழை. ஈரத்தில் கழுத்துப் பட்டைக்கு அடியில் புண் வந்து சில செத்தும் போயின. ஊர் மாறினாலும் உள்ளே ஓடும் காலண்டர் மாற நாளாகும். அமெரிக்கா போன நம் தாத்தாக்களைக் கேளுங்கள், பகல் தூக்கம் பற்றிச் சொல்வார்கள்.

நாம்தான் வெளிநாடு போக வேண்டுமா? (வடநெம்மேலி வாசகர்)

உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் போய்விட்டு வந்துவிட்டார்கள். இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கப் போனார்கள். வெள்ளைக்காரர்கள் கருவியோடு தேடிய சதுப்புக்காட்டில் இவர்கள் தடம் பார்த்தே பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. உங்கள் முதலைப் பண்ணைக்கு மட்டும் திங்கட்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை.

சீசனே பார்க்காமல் எல்லா மிருகத்தையும் ஒரே இடத்தில் பார்க்க வழி உண்டா? (கல்பாக்கம் வாசகி)

மாமல்லபுரம், அர்ச்சுனன் தபசு. பல்லவச் சிற்பி செரங்கெட்டி போனதில்லை. ஆனால் கூட்டம் எங்கே சேரும் என்று அவருக்குத் தெரியும். பாறையின் நடுப்பிளவை ஆறாக்கி, நாகர்களை அதில் நீந்தவிட்டு, மிச்ச எல்லாரையும் அதை நோக்கித் திருப்பிவிட்டார். மேலிருந்து உண்மையாகவே தண்ணீர் விட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. பெரிய யானையின் காலடியில் குட்டிகளைத் தேடுங்கள். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானைத் தேடுங்கள். கையைத் தூக்கித் தவம் செய்யும் பூனையைக் கட்டாயம் பாருங்கள், சுற்றி எலிகள் நம்பிக்கையோடு நிற்கின்றன.

பாறை கிழக்கு பார்த்தது. காலை ஏழு மணிக்குப் போங்கள், மதியத்துக்கு மேல் யானை நிழலுக்குள் போய்விடும்.