அட்டை நலன்: ஒரு மூலைமுடுக்கு ஆராய்ச்சி

யானைக்கு நம்மிடம் சாத்திரம் உண்டு. குதிரைக்குச் சுழி பார்க்கும் முறை உண்டு. பல்லி இடத்தோளில் விழுந்தால் என்ன, வலத்தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கம் பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. ஆனால் இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல நீளமும் உள்ள ஒரு விளையாட்டு அட்டை தரையில் விழுந்து மூலை மழுங்கினால் என்ன பலன் என்று எழுதிவைக்க ஒரு புலவரும் முன்வரவில்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு.

சேகரிப்பு அட்டை எனப்படுவது யாதெனின், பேஸ்பால் வீரர் முதலியோரின் உருவம் பொறித்து, சிகரெட்டுக்கும் மிட்டாய்க்கும் துணையாகப் பெட்டிக்குள் புகுந்து, பின்னாளில் பெட்டியை விற்றவரே வாங்க முடியாத விலைக்குப் போவது. அதன் நலம் காணும் கலையில் அமெரிக்கரே ஆசான்கள். 1991-இல் பிஎஸ்ஏ என்ற நிறுவனம் இதற்கென்றே தோன்றியது. அட்டையை அனுப்பினால், உற்றுப் பார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, உடைத்தாலன்றித் திறக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் திருப்பித் தருவார்கள். பத்து வாங்கியது ‘ஜெம் மின்ட்’. நம்மூர் ஜோசியர் பத்துப் பொருத்தத்தில் ஏழு தேறினால் தாராளமாகச் செய்யலாம் என்பார். புத்தம் புது அட்டை ஒன்று ஏழு வாங்கினால் அதன் உரிமையாளர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டார்.

இனி நூற்பா:

மூலை ஓரம் மேனி நடுவென
நால்வகைத் தாகும் அட்டையின் நலனே.

(இது கட்டுரையாளர் நேற்றிரவு இயற்றியது. பழைய நூல் என்று மயங்கற்க.)

மூலையாவது, நான்கும் ஊசிபோல் நிற்றல். வண்ண ஓரமுள்ள அட்டையில் மூலை தேய்ந்தால் உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். இதனை நரை என்று வழங்குக. நரைக்கு மை பூசுவது மனிதருக்கு ஆகும், அட்டைக்கு ஆகாது. பூதக்கண்ணாடியில் சாயம் தெரிந்துவிட்டால் மதிப்பெண்ணே கிடையாது. ஓரத்தை வெட்டிச் சீராக்கினாலும் அதே கதிதான். இந்த விதியைப் படிப்பவர் நினைவில் இருத்துக. பின்னால் வேலை இருக்கிறது.

நடுவாவது, வகிடு. படத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக் கரை இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும். முன்பக்கம் 55-க்கு 45 வரை கோணினால் பத்துக்குப் பழுதில்லை. முதுகுப்பக்கம் 75-க்கு 25 வரை விடுகிறார்கள். பின்வகிடு யார் கண்ணில் படும் என்ற தாராளமே காரணம் போலும். இது அச்சகத்தில் வெட்டியவர் செய்த பிழை. அட்டை பிறவியிலேயே சுமந்துவருவது. எவ்வளவு பொத்திப் பாதுகாத்தாலும் ஜாதகக் கோளாறு தீராது.

மேனியில் வருவன கீறல், மடிப்பு, கறை. கறையில் சிறப்புடையது பபிள்கம் கறை. டாப்ஸ் நிறுவனம் பல்லாண்டு காலம் மெழுகுத்தாள் உறைக்குள் இளஞ்சிவப்புப் பபிள்கம்மையும் அட்டைகளையும் சேர்த்தே அடைத்தது. கம்மின் மேல் சாய்ந்து கிடந்த அட்டை அந்தத் தழும்போடுதான் வெளியே வரும். கூடப் படுத்த பாவம்.

ஓரத்தைப் பற்றித் தனியே சொல்ல ஒன்றுமில்லை, வாக்னரைத் தவிர. ஹோனஸ் வாக்னர் பிட்ஸ்பர்க் பேஸ்பால் அணியின் ஆட்டக்காரர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட சிகரெட் அட்டைத் தொகுதியில் அவருடைய படம் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் புகையிலைக் கடைக்கு வருவது பிடிக்காமல் அவரே தடுத்தார் என்பர் ஒரு சாரார். காசு தரவில்லை என்பதே காரணம் என்பர் இன்னொரு சாரார். இருதிறத்தார் கூற்றும் நம் ஊர்க்காரருக்கு விளங்கக்கூடியதே. எப்படியோ, அட்டை அரிதானது. அவற்றுள் ஒன்றை 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் ஒரு பங்காளியும் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். பிஎஸ்ஏ மதிப்பிட்ட முதல் அட்டை அதுதான். மதிப்பெண் 8. எண்பது வயதுக் கிழவனுக்கு மூலைகள் எப்படி இத்தனை கூர்மை என்று பலர் வியந்தார்கள். 2007-இல் அது 28 லட்சம் டாலருக்குப் போனது. 2013-இல், முன்பு அதைக் கைவசம் வைத்திருந்து விற்ற பில் மாஸ்ட்ரோ என்பவர், விற்பதற்கு முன் பக்க ஓரங்களை நானே வெட்டினேன் என்று வழக்கில் ஒப்புக்கொண்டார். சாத்திரத்தின் முதல் ஏட்டிலேயே கத்தரி பட்டிருக்கிறது! சேதாரம் போக விலை ஏறிய பொருள் இதைத் தவிர நகைக்கடையிலும் இல்லை.

இனி அழிவியல். அழிவு மூன்று வகைத்து: கடல்வழி, சக்கரவழி, தாய்வழி. கடல்வழி: விற்காமல் தேங்கிய 1952 அட்டைப் பெட்டிகளை டாப்ஸின் சை பெர்கர் 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டினார். தப்பித்தவற்றுள் பேஸ்பால் வீரர் மிக்கி மான்டிலின் அட்டை ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. சக்கரவழி: சைக்கிள் கம்பியில் அட்டையைத் துணிக் கிளிப்பால் செருகி மோட்டார் சத்தம் எழுப்புதல். நாம் அதற்குப் பலூன் கட்டினோம் என்பதால் இங்கே சேதம் குறைவு. தாய்வழி: மகன் வீட்டைவிட்டுப் போனதும் அலமாரியைச் சுத்தம் செய்தல். அட்டைகள் அரிதாவதற்குத் தலையாய காரணமாக அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்றும் புலம்புவது இதையே. பெற்றவளுக்கு ஏலக் கமிஷனில் பங்கு உண்டா என்பதை அவர்களில் யாரும் பேசுவதில்லை.

கள ஆய்வுக்குக் கட்டுரையாளர் தம் சொந்த டிரம்ப் கார்டுக் கட்டையே எடுத்துக்கொண்டார். தொண்ணூறுகளில் பொட்டிக்கடையில் வாங்கியது, மல்யுத்த வீரர்கள். ரப்பர் பேண்ட் உருகி யோகோசுனாவின் வயிற்றில் ஒட்டியிருக்கிறது. எடை என்று கேட்டால் கட்டையே வென்று கொடுத்தவர். இப்போது மேனி 2. பிரெட் ஹார்ட்டின் வலமூலையைக் காணோம். கடித்தது யார் என்பதில் தம்பிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அண்டர்டேக்கர் மட்டும் மூலை, ஓரம், நடு மூன்றிலும் தேறி எட்டை நெருங்கினார். திருப்பிப் பார்த்தால் முதுகின் வெள்ளைக் கரை நெடுக நீல மையில் அம்மாவின் கையெழுத்து: பால் கணக்கு. எழுத்துக் கறைக்கு மதிப்பெண் கழிக்க வேண்டும் என்பது விதி. கழித்துவிட்டு, கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு அரை லிட்டர் விட்டுப்போயிருக்கிறது.