தப்பு அடிக்காமலே பெரட்டு

கேள்வி: மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அப்பா, யாரோடும் பேசாமல் லயத்து மூலையில் குந்தியே இருக்கிறார். போகப்போகச் சரியாகிவிடுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், காத்திருக்காதீர்கள். மொன்ட்ரியலில் மாரடைப்பில் தப்பிய 222 பேரைக் கவனித்து 1993இல் ஓர் ஆய்வு வந்தது. மனச்சோர்வு உள்ளவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் ஆபத்து, மற்றவர்களைவிட ஏறக்குறைய நாலு மடங்கு.

கேள்வி: கவலைக்கும் மாரடைப்புக்கும் என்னங்க சம்பந்தம்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: டெங்கு வந்தால் 'குறைஞ்சிருச்சு' என்று பதறுவோமே, அந்த பிளேட்லட்தான் சம்பந்தம். கவ்வாத்துக் கத்தி கையில் பட்டால் ஓடிவந்து ரத்தத்தைக் கட்டவைப்பது அதன் வேலை. மனச்சோர்வில் அது, தப்பு அடிக்கும் முன்பே பெரட்டுக்கு வந்து நிற்கும் ஆள்போல, காயம் இல்லாமலே தயாராக நிற்கிறது என்கின்றன ஆய்வுகள். ஏற்கனவே குறுகிய இதயக் குழாயில் இந்தச் சுறுசுறுப்பு ஆகாது.

கேள்வி: மனசில் நடப்பது பிளேட்லட்டுக்கு எப்படித் தெரியும்?
– வாசகர், கொட்டகலை

பதில்: மூளை புழங்கும் செரட்டோனினை பிளேட்லட்டும் புழங்குகிறது. ரத்தத்தில் உள்ள செரட்டோனின் அநேகமாக முழுவதும் அதன் மடியில்தான். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலினும் அதை உசுப்பிவிடும். செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, இதய நோயாளிகளின் பிளேட்லட்டைச் சற்றுத் தணிப்பதாக 2003இல் கண்டார்கள்.

கேள்வி: அப்போ அந்த மாத்திரையை ஃபார்மசியில் நானே வாங்கிக் கொடுக்கட்டுமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: கூடாது. மாரடைப்புக்குப் பின் கொடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோகிரலும் ஏற்கனவே பிளேட்லட்டை அடக்குகின்றன. செர்ட்ரலினும் சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம். கணக்கை டொக்டர் போடட்டும்.

கேள்வி: மனசு தேறினால் ஆயுள் கூடுமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: 2003இல் முடிவு வெளியான ஆய்வில், மாரடைப்பு வந்த 2,481 பேரில் பேச்சு சிகிச்சை பெற்றவர்களின் மனம் தேறியது, மரணம் குறையவில்லை. 2018இல் வெளியான, கொரியாவில் 300 பேரை ஆராய்ந்த ஆய்வில், ஆறு மாதம் எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களுக்குப் பின்னாளில் இதயப் பாதிப்பு குறைவு. விஞ்ஞானம் இதுவரை போட்டது அரைப்பேர்தான், முழுப்பேர் பாக்கி. மனசு தேறுவதே லாபம்தானே!

கேள்வி: நல்ல தேத்தண்ணி குடித்தால் சோர்வு போகாதா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: போகுமென்றால் உலகத்திலேயே சந்தோஷமான ஊர் நம்முடையதாகத்தான் இருக்கும். தேத்தண்ணியை ஆற்றிக் கொடுத்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த கிளினிக்கில் நெஞ்சோடு மனசையும் சொல்லச் சொல்லுங்கள். மனசு தாங்காவிட்டால் 1926ஐ அழையுங்கள். நெஞ்சு மறுபடி வலித்தால் ஆம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் லயத்துக் கதவில் எழுதி வையுங்கள்.