தவிட்டை எடுத்துவிட்டு இரும்பை அனுப்பிய துறைக்கு

பெறுநர்: உணவு, பொது விநியோகத் துறை, கிருஷி பவன், புது தில்லி.

பொருள்: அரிசியில் அரிசி கலந்தமைக்கு நன்றி தெரிவித்தல் - தொடர்பாக.

ஐயா,

15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொன்னது. நீங்களும் களத்தில் இறங்கினீர்கள். 2021 சுதந்திர தினத்தன்று செங்கோட்டையில் பிரதமர் அறிவித்த செறிவூட்டிய அரிசி எங்கள் ரேஷன் கடைக்கும் வந்தது.

அதன் செய்முறையைக் கேட்டு அசந்துபோனோம். முதலில் நெல்லை அரைத்து, மல்லிகைப்பூ நிறம் வரும்வரை பாலிஷ் போடுவது. தவிட்டோடு இரும்பும் பி வைட்டமின்களும் போகும். போகட்டும், தவிட்டு எண்ணெய்க்கு நல்ல விலை இருக்கிறது. பிறகு அரிசியை மாவாக்கி, அதில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து, இயந்திரத்தில் பிழிந்து மறுபடி அரிசி மாதிரியே வெட்டி எடுத்து, நூற்றுக்கு ஒன்று என்று கலப்பது. வீட்டிலிருந்த சத்தைத் துரத்திவிட்டு, டெண்டர் விட்டுத் திரும்ப அழைத்து வருகிற இந்தத் திறமை வேறு யாருக்கு வரும்? நெல்லை ஊறவைத்து அவித்தால் தவிட்டிலுள்ள பி1 கொஞ்சம் அரிசிக்குள்ளேயே இறங்கிவிடும். புழுங்கல் அரிசி செய்த எங்கள் பாட்டிமார் அதற்கு டெண்டர் விடத் தெரியாதவர்கள்.

ஒரு சின்னச் சிக்கல். அரிசி களையும்போது தங்கள் மணிகள் சில மிதக்கின்றன. தெருவில் அதற்குப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் இல்லையம்மா, வைட்டமின் என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. முறத்தில் புடைத்து, பொறுக்கி, கோழிக்குப் போடுகிறார்கள். எங்கள் தெருக் கோழிகள் எதற்கும் ரத்தசோகை இல்லை என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம். முட்டை வழியாகச் சத்து எங்களுக்கு வந்து சேரட்டும் என்பதுதான் திட்டம் என்றால், தங்கள் தொலைநோக்குக்கு ஒரு கும்பிடு.

தலசீமியா என்ற ரத்தநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடவும் என்று மூட்டையில் போட வேண்டியிருந்த வாசகமும் இப்போது தேவையில்லையாம். ஆபத்தில்லை என்று நிபுணர் குழு சொல்லிவிட்டதாம். நல்லது. தராசில் அளந்து பையில் வாங்குகிறவர்கள் மூட்டையை எங்கே பார்த்தார்கள்!

இதற்கெல்லாம் 2028 டிசம்பர் வரை 17,082 கோடி ரூபாய் என்று 2024 அக்டோபரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு கிலோவில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம். முன்னுரிமை அட்டையில் ஆளுக்கு மாதம் 5 கிலோ. கோழி விட்டுவைத்தாலும் ஒரு நாளைக்குக் கிடைப்பது 5 முதல் 7 மில்லிகிராம். பெண்ணுக்குத் தேவை 29 என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). மிச்சத்துக்குப் பருப்பு, கீரை, முட்டை என்று அதே நிபுணர்கள் சொல்கிறார்கள். வாங்கத்தான் காசில்லை.

2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுத்தார்கள். அதில் யாரும் எதையும் பிழிந்து கலக்கவில்லை. தமிழ்நாட்டில் கார்டுக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது மாநில அரசின் காசு. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷனில் எங்களுக்கு உரிமையாகத் தருவது தானியம் மட்டுமே.

ஆகவே ஐயா, அடுத்த டெண்டருக்கு முன், அந்தச் சட்டத்தில் ஆளுக்கு மாதம் ஒரு கிலோ பருப்பைச் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அதையும் அரைத்து அரிசி வடிவில் வெட்டி அனுப்ப வேண்டாம். பருப்பாகவே வரட்டும்.

இப்படிக்கு,
ரேஷன் அட்டைதாரர்கள்