எட்டு மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரி 12-ம் தேதி. அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று, 150 இடங்கள். அதற்கு முன்பெல்லாம் பட்டாசு ஆலையில் பெரிய தீக்காயம் என்றால் மதுரை பெரியாஸ்பத்திரிக்கோ திருநெல்வேலிக்கோதான் வண்டி பறக்கும். சிவகாசியிலிருந்து மதுரை 70 கிலோமீட்டருக்கு மேல். சாத்தூர்ப் பக்கம் வளர்ந்த எனக்கு அந்த வண்டிகளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வீட்டில் அம்மா தீப்பெட்டி ஒட்டினார். சித்தப்பாவுக்குப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிற வேலை.

தீக்காய சிகிச்சையை நான் படித்தது எண்பதுகளில். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை, அன்றைக்கு எங்கேயும் வகுப்பு ஒரே மாதிரிதான் நடந்தது. பேராசிரியர் வருவார், வருகைப் பதிவு முடியும், விளக்கை அணைப்பார்கள், ஸ்லைடு ஓடும். ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம். போன ஸ்லைடை மறுபடி காட்டச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வராது. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வந்தவர்கள் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதிக்கொண்டு, ராத்திரி விடுதியில் இங்கிலீஷ் மீடியம் நண்பனின் நோட்டோடு ஒத்துப்பார்ப்போம். அப்படித்தான் 'பார்க்லேண்ட்' சூத்திரம் மனப்பாடமானது. உடல் எடையையும் வெந்த பரப்பின் சதவீதத்தையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கு. வருவது முதல் 24 மணி நேரத்துக்கான ரிங்கர் லாக்டேட் திரவம், மில்லிலிட்டரில். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். பரீட்சையில் எழுதினோம், மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் ஒரு ஆளைக் காட்டி, 'இவருக்கு இப்போது எவ்வளவு?' என்று அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

இன்று நான் வகுப்பெடுக்கிற இடத்தில் அந்தச் சொற்பொழிவு மூன்று சிறு வீடியோக்களாகி, முதல் வாரமே பிள்ளைகளின் போனுக்குப் போய்விடுகிறது. கேட்பது வீட்டில், கணக்குப் போடுவது வகுப்பில். ஃபிளிப்டு கிளாஸ்ரூம் என்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007-ல் தங்கள் பாடத்தைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். விளையாட்டுப் போட்டி அது இது என்று வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த வேலை அது. நம் மருத்துவக் கல்வி விதிகளும் 2019-ல் மாறியபோது, சொற்பொழிவு மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றன.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது, வீடியோவை நிறுத்தி மறுபடி கேட்க முடிகிறது என்பதுதான். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இப்போது முன்னைவிட அதிகமாக வருகிறார்கள். புரியாத வாக்கியத்தை அவர்கள் நாலு தரம் ஓட்டிக் கேட்கலாம், அதை யாரும் பார்க்கப்போவதில்லை. எங்கள் காலத்தில் ஊமையாக உட்கார்ந்திருந்த பின்வரிசை இன்று முதல் ஆளாகக் கை தூக்குகிறது.

வெளிநாட்டு வீடியோவை அப்படியே அனுப்பினால் மட்டும் போதாது. அவற்றில் வருவது பெரும்பாலும் வெள்ளைத் தோல். சிவந்திருந்தால் மேலோட்டக் காயம் என்று பளிச்சென்று தெரியும். நம் ஆட்களின் கறுப்புத் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது. தொட்டு, அழுத்தி, ரத்தம் திரும்புகிறதா, வலி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டாசு விபத்தில் அதற்கு மேல் அலுமினியப் பொடியும் கரியும் வேறு படிந்திருக்கும். கழுவாமல் ஆழம் சொல்ல முடியாது. ஆகவே இங்கேயே எடுக்கத் தீர்மானித்தோம். குணமாகி வந்த ஒரு அம்மாவிடம் சம்மதம் கேட்டபோது, "மூஞ்சி வேணாம் சார், கையை மட்டும் எடுத்துக்கோங்க. படிக்கிற பிள்ளைகளுக்குத்தானே" என்றார். வீடியோவில் இருப்பது அந்தக் கைதான். அவர் குரலும் இருக்கிறது: "மருந்து செலுத்தையில உரசிப் பத்திக்கிடுச்சு."

வீடியோவைப் பார்க்காமல் வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக வகுப்பில் பாடத்தைத் திருப்பிச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த வாரம் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஆரம்பத்திலேயே ஐந்து கேள்வி. வீடியோவும் ஆறேழு நிமிடத்தைத் தாண்டாது. இன்னொரு வேலை, பழசானதைத் தூக்கிப் போடுவது: இப்போது நாலுக்குப் பதில் இரண்டால் பெருக்கித் தொடங்கச் சொல்லும் வழிகாட்டுதல்களும் வந்துவிட்டன. எடுத்த படத்தை ஐந்து வருடம் ஓட்டிக்கொண்டிருப்பது, மஞ்சளேறிய நோட்டைப் பார்த்துப் பாடம் நடத்துவதைவிட மோசம். படத்தை எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

போன வகுப்பில் கொடுத்த கணக்கு இது. 60 கிலோ எடையுள்ள ஆள், 40 சதவீதத் தீக்காயம். வெடித்தது காலை 10 மணி, வார்டுக்கு வந்தது பகல் 1 மணி. நாலால் பெருக்கினால் 9,600 மில்லி, பாதி 4,800. மணிக்கு 600 என்றது ஒரு குழு, 960 என்றது இன்னொன்று. வீடியோவை எல்லோரும் பார்த்திருந்தார்கள், சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். எட்டு மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் சண்டை. திருத்தங்கல் பையன் ஒருவன் எழுந்து, "சார், உடம்புக்கு மணி பத்துக்கே அடிச்சிருச்சு. நாம லேட்டா வந்ததுக்கு அது காத்துக்கிட்டு இருக்காது" என்றான். சரியான விடை: மாலை 6 மணிக்குள் 4,800 ஏற வேண்டும், கையில் இருப்பது ஐந்து மணி நேரம், எனவே 960. அதுவும் தொடக்கம்தான். பிறகு மணிக்கு 30 மில்லி சிறுநீராவது போகிறதா என்று பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. அன்றைக்குப் போல ஒரே நேரத்தில் இத்தனை பேர் வந்தால் இந்தக் கணக்கை யார், எங்கே போடுவது? அதே பையன் கேட்டான், "108 ஆம்புலன்ஸ்லயே ஊசியைப் போட்டு டிரிப்ஸை ஆரம்பிச்சு, வெடிச்ச நேரத்தையும் சீட்டுல எழுதிட்டா என்ன சார்?" முன்வரிசைப் பெண் ஒருத்தி, கையெல்லாம் வெந்திருந்தால் ரத்தக் குழாய் எங்கே கிடைக்கும் என்று மறித்தாள். கணுக்காலில் போடலாம் என்றார்கள், எலும்பு வழியாக ஏற்றலாம் என்றார்கள். மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தோல் ஒட்டு சிகிச்சை வீடியோவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, 108 ஊழியர் ஒருவரை வகுப்புக்கு அழைத்துவரும் பொறுப்பை அந்த இரண்டு பேரிடமே கொடுத்தேன்.